ஜோசலின் வீட்டு ஆர்கன் பெட்டி

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் ஏரிப் பக்கம் போகிற தெரு ஒன்றில் ஜோசலின் துணி தைக்கிறாள். போர்டு எதுவும் கிடையாது. ரவிக்கைத் துணியும் கையுமாக ஒரு பெண் தெருவுக்குள் நுழைந்தால், முனைக் கடைக்காரரே வீட்டைக் காட்டிவிடுவார். முன்னறையில் ஒரே ஒரு தையல் மெஷின். பக்கவாட்டில் சின்ன மோட்டார், கீழே காலால் அழுத்த ஒரு பெடல். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற ஜோசலினின் வலது கால் வாழ்நாளில் பாதியை அந்தப் பெடலின் மேல்தான் கழித்திருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட அந்தப் பாதம் சும்மா இருக்காது, மெல்ல அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். அவள் கணவர் ஏசுதாசன் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். “உன்னை டிரைவர் சீட்ல உட்கார வெச்சா நீயே பிராட்வே வரைக்கும் ஓட்டிருவ” என்று கிண்டல் செய்வார்.

ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் போக, ஜோசலினுக்கு இன்னொரு வேலை உண்டு. அவள் போகும் சபையில் பாடகர் குழு போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கிகள் எல்லாம் அவள் தைத்தவை. பழையது கிழிந்தால் ஒட்டுப் போடுவதும், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அளவெடுப்பதும், இடுப்பில் கட்டும் வெள்ளைக் கயிற்றை முறுக்கிக் குஞ்சம் வைப்பதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடகர் குழு வரிசையாக உள்ளே நடந்து வரும்போது சபையார் பாட்டைக் கேட்பார்கள். ஜோசலின் நாலாவது பெஞ்சில் இருந்து, யாருடைய அங்கி ஓரம் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் பாடகர் குழுவில் இல்லை. கர்த்தர் அவளுக்குக் கொடுத்தது கட்டைத் தொண்டை. நாலு வரி பாடுவதற்குள் குரல் உடைந்து இருமல் வந்துவிடும். ஏசுதாசனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல வருஷம் “உள்ள போ, உள்ள போ” என்று கத்திய தொண்டை, அதற்கு ஒரே ஒரு சுருதிதான் தெரியும்.

இது ஒரு குறையா என்று கேட்கலாம். மற்ற நாட்களில் குறையே இல்லை. ஆனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம். பிறந்த நாளோ கல்யாண நாளோ வருகிற வாரத்தில், குடும்பமாக முன்னே போய் நிற்க வேண்டும். ஆயர் ஜெபிப்பார், காணிக்கைக் கவரைத் தட்டில் வைப்பார்கள், பிறகு குடும்பம் ஒரு ஸ்பெஷல் சாங் பாடும். பல் விழுந்த பெரியவர்கள்கூடப் பாடுவார்கள். ஜோசலினும் ஏசுதாசனும் மட்டும் வருஷா வருஷம் கவரை வைத்துவிட்டு, ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் திரும்பி விடுவார்கள். திரும்பி நடக்கிற அந்தக் கொஞ்ச தூரம் ஜோசலினுக்குக் கூச்சமாக இருக்கும். வெறுங்கையோடு விருந்துக்குப் போனவளின் கூச்சம் அது. ஒரே ஒரு தரம், தன்னிடமிருந்தும் ஒரு சத்தம் அந்தக் கூரையைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை, ஏசுதாசனிடம் தவிர.

அந்த ஆசையோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், பழைய ஜிப்பும் பட்டனும் தேடப் போன இடத்தில், ஒரு புல்புல் தாராவை வாங்கி வந்தாள். நீளமான சின்னப் பெட்டி, மேலே கம்பிகள், பக்கத்தில் டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள். இடது கையால் கட்டையை அழுத்தி வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும். விளையாட்டுச் சாமான் என்று பலர் சிரிப்பார்கள். ஜோசலின் சிரிக்கவில்லை. மத்தியானத்தில் வாடிக்கையாளர்கள் வராத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, கீர்த்தனை கீர்த்தனையாகப் பிடித்துவிட்டாள். ஊசியில் நூல் கோக்கிற விரல்களுக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை.

சரி, முதலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வாசித்துப் பார்ப்போம் என்று போனாள். முழுக் கீர்த்தனையும் வாசித்தாள். மேலே மின்விசிறிகள் சுற்றின, வெளியே ரோட்டில் லாரிகள் போயின. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, மூன்றாம் வரிசையில் இருந்த ரத்தினபாய் அக்கா, குரலில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லாமல், “எப்பம்மா ஆரம்பிக்கப் போறே?” என்று கேட்டார். ஜோசலின் வீட்டுக்கு வந்து புல்புல் தாராவைத் துணியில் சுற்றி மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் அழுதாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகை ஏலத்தில்தான் கதை திரும்பியது. விளைச்சலில் முதலைச் சபைக்குக் கொடுக்கிற பண்டிகை அது, ஏலம் என்றால் எல்லாருக்கும் குஷி. வாழைத்தார், பூசணிக்காய், கேக், உயிரோடு ஒரு சேவல் என்று எல்லாம் ஏலம் போகும். எடுத்தவர் அதைத் திரும்பச் சபைக்கே கொடுப்பார், அது மறுபடி ஏலம் போகும். ஒரே பலாப்பழம் நாலு கை மாறும். பொருள் வேண்டாதவர்களும் ஏலத்தை ஏற்றிவிடுவதற்காகக் குரல் கொடுப்பார்கள். சபைக்கு நல்லதுதானே.

அன்றைக்குச் செயலாளர் சாலமோன் ஐயா, கடைசியாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். இடுப்பளவு உயரம், கனத்த மரம், நாலு பக்கமும் ஜன்னல் சட்டம் போலத் திறப்புகள். பல வருஷத்துக்கு முன் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டுத் தம்பதி, சபைக்கு எலெக்ட்ரிக் ஆர்கன் ஒன்றை விட்டுப் போனார்கள். இந்தப் பெட்டி அதன் ஸ்பீக்கர். ஆர்கன் செத்து எடைக்குப் போன பிறகு, பெட்டியின் மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். இப்போது பூச்சாடிக்கும் புது ஸ்டாண்ட் வந்துவிட்டது.

ஏலம் கூறினார் சாலமோன் ஐயா. யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கூறினார். சபையே காலைக் குனிந்து பார்த்தது. அவர் முகம் சுண்டிப் போவதைப் பார்க்கச் சகிக்காமல், ஏசுதாசன் ஏற்றிவிடுகிற வழக்கப்படி ஒரு தொகையைச் சொன்னார். யாராவது மேலே கேட்பார்கள் என்ற தைரியம். யாரும் கேட்கவில்லை. பெட்டியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

“சபைக்கே திருப்பித் தர்றேங்க ஐயா” என்றார் ஏசுதாசன், அவசரமாக.

“வேணாம் தம்பி, நீயே வெச்சுக்கோ. ஆசீர்வாதமா இருக்கும்” என்றார் சாலமோன் ஐயா, அதைவிட அவசரமாக. அந்தச் சபையின் ஏல வரலாற்றில் திருப்பிக் கொடுத்த பொருளை வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஏசுதாசன் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து தன்னைத் திட்டிக்கொண்டார். ஜோசலினுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வெட்டின துணிகளை அடுக்க நல்ல மேஜை கிடைத்தது என்று பெட்டியின் தலையில் துணியை வைத்தாள். மூன்றாம் நாள் தூசி தட்டப் போனவள், பின்பக்கப் பலகையின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தாள்.

மேல் தட்டில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. அதற்குக் கீழே முரசு போல ஒரு மர உருளை, ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்து. உருளைக்குப் பக்கத்தில் மோட்டார், நடுவில் பெல்ட். இது சுற்றுகிற சாமான் என்று ஜோசலினுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது, பெல்ட் போட்ட மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவளாயிற்றே. ஆனால் உருளை சுற்றவில்லை. யாரோ அதை ஒரு கயிற்றால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். பழுப்பேறிய வெள்ளைக் கயிறு, நுனியில் குஞ்சம். பாடகர் குழு அங்கியின் இடுப்புக் கயிறு அது. அவள் தைக்க ஆரம்பிப்பதற்கு முந்தைய காலத்தது, முறுக்கு வேறு மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கயிற்றைக் கைப்பையில் இருந்து எடுத்துச் சாலமோன் ஐயாவிடம் காட்டினாள். தபால் துறையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர், இன்றும் பாடகர் குழுவில் பாஸ் என்கிற கனத்த கீழ்க்குரலில் பாடுகிறவர். கயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர் சொன்னது இதுதான். அந்த உருளை சுற்றும்போது ஸ்பீக்கரின் சத்தம் அறையைச் சுற்றி வீசப்படும், அதனால் ஆர்கன் நடுங்கி நடுங்கிப் பாடும். முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த நடுக்கத்தைக் கேட்டதும் பின்வரிசை வாலிபர்கள் சிரித்துவிட்டார்களாம். சினிமாப் பாட்டு மாதிரி இருக்கிறது என்று கமிட்டி கூடிப் பேசி, உருளையைக் கட்டிவிடுவது என்று தீர்மானம் போட்டதாம். அப்போது பாடகர் குழுவில் இளையவர் சாலமோன். கையில் வேறு கயிறு இல்லாததால், தன் அங்கிக் கயிற்றையே அவிழ்த்துக் கட்டினாராம். பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். அத்தனை வருஷமும் அந்தப் பெட்டி கட்டிப்போட்ட நிலையிலேயே பாடியிருக்கிறது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஜோசலின் ஏசுதாசனிடம், “என்னங்க, புல்புல் தாராவை இதுல விட்டா கடைசி பெஞ்ச் வரைக்கும் கேக்கும்ல?” என்றாள். தை மாதக் கடைசியில் அவர்களுடைய வெள்ளிவிழாக் கல்யாண நாள். ஏசுதாசனுக்கு அவள் எதைக் கேட்கிறாள் என்று விளங்கிவிட்டது.

விளங்கிய வேகத்தில் மனுஷன் செய்த காரியம், பெட்டியின் வயரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகியதுதான். அந்தப் பெட்டி நம் ஊர் கரண்டில் பாதியைத்தான் தாங்கும். சபையில் அதற்கென்று இருந்த டிரான்ஸ்ஃபார்மர் ஆர்கனோடு எடைக்குப் போய்விட்டது. ஒரு நிமிஷம் உருளை பேய் பிடித்த மாதிரி சுற்றியது. பிறகு கருகல் வாடை, புகை. முன்னறையில் தொங்கிய கல்யாண ரவிக்கைகளை எல்லாம் ஜோசலின் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

கேம்ப் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கதிரேசனைக் கூப்பிட்டார்கள். ஜோசலினின் மெஷின் மோட்டாருக்குக் கார்பன் மாற்றித் தருகிறவன் அவன்தான். வந்து, பெட்டிக்குள் தலையை விட்டு, வெகு நேரம் பார்த்தான்.

“இன்னாக்கா இது, ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள காத்தாடி கீது” என்றான். பிறகு, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, மற்றது எல்லாம் காலி என்று தீர்ப்புச் சொன்னான்.

ஸ்பீக்கரை ஓட்ட, பழைய ஹோம் தியேட்டரில் இருந்து எடுத்த ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்றை உள்ளே பொருத்தினான். கிதார் ஒயர் சொருகுகிற துளை ஒன்றைப் பின்பலகையில் போட்டான். பாட்டுப் பாடுகிற காலிங் பெல்லில் இருந்து சில்லுப் போல ஒரு பித்தளைத் தகட்டைப் பிடுங்கிப் புல்புல் தாராவின் அடியில் ஒட்டினான். அதுதான் மைக். ஒயரைச் சொருகி ஜோசலின் ஒரு கம்பியை மீட்டியபோது அடுத்த வீட்டு நாய் குரைத்தது. சத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் அழகில்லை. டப்பாவைத் தட்டுகிற சத்தம். உருளை சுற்றாமல் அந்தப் பெட்டிக்கு உயிர் இல்லை என்பது மூன்று பேருக்கும் கேட்டது.

உருளைக்கு மோட்டார் வேண்டும். மிக்ஸி மோட்டாரைப் போட்டுப் பார்த்தான் கதிரேசன், கட்டிடம் இடிகிற சத்தம். ஃபேன் மோட்டாருக்கு இழுவை போதவில்லை. வேகம் கூட்டிக் குறைக்கிற மாதிரியும் வேண்டும் என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, ஜோசலின் தையல் மெஷினைப் பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே அவள் கால் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

“இத கழட்டு கதிர்” என்றாள்.

“யக்கா, அப்பால துணி எதுல தெப்ப?”

“ரெண்டு திருகுதானே. தைக்கும்போது இதுல, வாசிக்கும்போது அதுல.”

மெஷினில் இருந்து மோட்டாரைக் கழற்றிப் பெட்டிக்குள் மாட்டினான். பெல்ட் சரியாக உட்கார்ந்தது. பெடலை வெளியே கொண்டுவந்து தரையில் வைத்தான். ஜோசலின் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் புல்புல் தாராவை வைத்து, வலது காலைப் பெடலில் வைத்தாள். ஒரு கட்டையை அழுத்தி மீட்டினாள், காலை மெல்ல அழுத்தினாள். உருளை அசைந்தது, சுற்றியது. டப்பாச் சத்தம் போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு ஸ்வரம், மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கி, அறையின் மூலைக்கு மூலை நடந்து வந்தது. சொந்தத் தொண்டை கொடுக்காததை இந்தப் பெட்டி கொடுத்துவிட்டது என்று ஜோசலின் நினைத்தாள். நினைத்ததை அப்படியே வாய்விட்டும் சொன்னாள்.

ஆனாலும் குறை இருந்தது. மோட்டார் சுற்றும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு இரைச்சல். அதைக் கதிரேசன் என்னமோ ஒரு கண்டென்சரை வைத்து அடக்கினான். மோட்டாரின் சொந்த உறுமலை ஜோசலின் அடக்கினாள். ரவிக்கைக்கு வைக்கிற பஞ்சுப் பேடுகளை ஒட்டுப் போட்டு, காற்றுப் போக இடம் விட்டு, மோட்டாருக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைத்துப் போட்டாள். கதிரேசன் அதைப் பார்த்து, பட்டன் வைக்க மறந்துவிட்டாய் என்றான்.

அதற்கப்புறம் மத்தியானங்கள் எல்லாம் வாசிப்புத்தான். ரவிக்கை கேட்டு வந்தவர்களுக்கு இரண்டு நாள் தள்ளிச் சொன்னாள். அவர்களும் கோபிக்காமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

சபையில் யார் ஸ்பெஷல் சாங் கொடுப்பதானாலும் சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சியில் ஒருமுறை செய்து காட்ட வேண்டும். சாலமோன் ஐயா தலையசைத்தால்தான் மறுநாள் உண்டு. வெள்ளிவிழாவுக்கு முந்தைய நாள் பெட்டியைக் குட்டியானையில் ஏற்றிச் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பாடகர் குழுத் தலைவன் ஜோஸ்வின் ஓடிவந்து கை கொடுத்தான். பெருங்குடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை, வாத்தியம் என்றால் உயிர். பெட்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டு, ஜோசலினுக்கு ஒரு உதவி செய்வதாகச் சொன்னான். ஆல்டர் பீடத்துக்கு முன்னால் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது, பெடலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வாசித்தால் போதும் ஆன்ட்டி என்றான். நல்ல மனசோடு சொன்னதால் ஜோசலினால் மறுக்க முடியவில்லை.

அவள் கீர்த்தனையை எடுத்தாள். ஜோஸ்வின் பெடலை அழுத்தினான். பைக் ஓட்டிப் பழகிய கால், எடுத்த எடுப்பில் முழு அழுத்து. பெட்டி ஊளையிட்டது. பயந்துபோய்க் காலை எடுத்தான், சத்தம் தொங்கிப்போனது. மறுபடி அழுத்தினான், மறுபடி ஊளை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன் பெஞ்சில் இருந்து சாலமோன் ஐயா எழுந்தார்.

“இதுக்குத்தாம்மா அன்னைக்குக் கட்டினோம்” என்றார். “சுத்தாம வாசிக்க முடியும்னா வாசி. இல்லேன்னா வேணாம்.”

அந்த இடத்தில் மற்ற எவளாக இருந்தாலும் சரி ஐயா என்று சொல்லியிருப்பாள். ஜோசலினும் அப்படிப்பட்டவள்தான், யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை. ஆனால் சுற்றாமல் வாசித்தால் டப்பாச் சத்தம். டப்பாவைத் தட்டிவிட்டு வருவதற்கு, வழக்கம்போல வணக்கம் போட்டுவிட்டே வந்துவிடலாம். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாலாவது பெஞ்சில் ஏசுதாசன் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒரே ஒரு தரம் என் கால்ல மிதிக்கிறேங்க ஐயா” என்றாள். “அப்புறம் நீங்க சொல்றபடி.”

ஜோஸ்வின் பெடலை அவள் பக்கம் நகர்த்தினான். ஜோசலின் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு காலை வைத்தாள்.

அந்தக் காலுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது. தையல் தொடங்கும்போது துணி சுருங்காமல் மெல்ல எடுக்க வேண்டும். நேர்க்கோட்டில் ஓடவிடலாம். கைக்குழி வளைவில் மூச்சைப் பிடித்துக் குறைக்க வேண்டும். முடிகிற இடத்தில் ஊசி நின்ற பிறகும் நூல் அறுந்துவிடாதபடி விட வேண்டும். கீர்த்தனையின் அடிகளையும் கால் அப்படித்தான் தைத்தது. அடி தொடங்கும்போது உருளை சோம்பலாகத் திரும்பியது. அனுபல்லவி ஏறும்போது சத்தம் சிலிர்த்தது. அடி முடிகிற இடத்தில் நடுக்கம் தானாக அடங்கிக் கூரையில் போய் நின்றது. பிள்ளைகளின் கை வாயை விட்டு இறங்கிவிட்டது. சாலமோன் ஐயா நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அவர், “ம்” என்றார். கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அது சம்மதமா இல்லையா என்று ஜோசலின் திகைத்து நிற்க, ஐயா பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரம் பேசுவார், ‘ம்’ என்றால் சம்மதம்தான் என்று ஜோஸ்வின் விளக்கம் சொன்னான். அதை நம்பித்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. மகள் பிளஸ்ஸி பெங்களூரில் இருந்து வந்திருந்தாள், முன் பெஞ்சில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆயர் ஜெபித்தார், ஏசுதாசன் கவரைத் தட்டில் வைத்தார். வழக்கமாகத் திரும்பி நடக்கிற இடத்தில் இருவரும் திரும்பவில்லை. ஜோசலின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏசுதாசன் என்ன செய்வது என்று தெரியாமல், பஸ்ஸில் பிடித்து நிற்பது போலப் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.

அவள் வாசித்தாள். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ரோட்டில் லாரிகளும் போயின. எதனாலும் அந்தச் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது பெஞ்சு பெஞ்சாக நடந்து கடைசிவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இரண்டாம் சரணத்தில் யாரும் சொல்லாமலே சபை கூடப் பாட ஆரம்பித்தது. ஜோசலின் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தபோது, கதவோரம் உட்கார்ந்திருந்த ரத்தினபாய் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடுவது தெரிந்தது. ஜோசலினும் அழுதாள், கால் மட்டும் பிசகவில்லை. அவளுக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

இருவரும் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். அறிவிப்புகள் வாசிக்கச் சாலமோன் ஐயா எழுந்து வந்தார், பாடகர் குழு அங்கியோடு. ஜெபக் கூட்டம், ஞாயிறு பள்ளி, கல்லறைத் தோட்டத்துச் சுவர் எல்லாம் சொல்லி முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“அறுப்பின் பண்டிகையில ஏலம் எடுத்த பொருளைச் சபைக்கே திருப்பிக் கொடுக்கிறது நம்ம சபையில ஒரு நல்ல வழக்கம்” என்றார். “அந்தப் பெட்டி விஷயத்துல அந்த வழக்கத்தை நான்தான் மீறிட்டேன்.”

சபை சிரித்தது. எல்லார் தலையும் நாலாவது பெஞ்சுப் பக்கம் திரும்பியது. ஏசுதாசன் எழுந்தார். அவருக்குத் தெரிந்த அந்த ஒரே சுருதியில்தான் பேசினார், மைக் தேவைப்படவில்லை.

“ஐயா, அன்னைக்குக் குடுத்தேன், நீங்க வாங்கல. இன்னைக்கு அது உள்ள இருக்கறது ஜோசியோட தையல் மோட்டார். அத இங்க விட்டா நாளைக்கு எங்க வீட்ல தையல் ஓடாது. பெட்டி எங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாங்களே கொண்டாந்து வாசிச்சிட்டு எடுத்துட்டுப் போறோம்.”

ஒரு நாள் ஆசைக்கு வந்தவளை வாரா வாரத்துக்கும் எழுதி வைத்துவிட்டாரே மனுஷன் என்று ஜோசலின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. சாலமோன் ஐயா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“வாரா வாரம் வாசிக்கிறதுன்னா பாடகர் குழுவில இருக்கணும்” என்றார். “குழுவில இருக்கணும்னா அங்கி வேணும். ஜோசலின், உனக்கு ஒரு அங்கி தெச்சுக்கோம்மா.”

இத்தனை வருஷத்தில் அந்தச் சபைக்கு அவள் தைத்த அங்கிகளுக்குக் கணக்கில்லை. தனக்கு ஒன்று தைக்க வேண்டிவரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. சரிங்க ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தாள், தொண்டை வழக்கம்போலக் காலை வாரிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

திங்கட்கிழமை காலை ஏசுதாசன் டியூட்டிக்குப் போவதற்கு முன், பெட்டியில் இருந்து மோட்டாரைக் கழற்றி மெஷினில் மாட்டிக் கொடுத்தார். ஊரில் அத்தனை பேருக்கும் அளவெடுக்கிற ஜோசலினுக்குத் தன் தோள் அளவு தெரியவில்லை. டேப்பை அவர் கையில் கொடுத்துத் திரும்பி நின்றாள். அவர் தப்பாக அளந்தார், மறுபடி அளக்கச் சொன்னாள், மறுபடியும் தப்பாக அளந்தார். பஸ் நேரமாகிவிட்டது என்று அவர் பறந்தார், குத்துமதிப்பாக வெட்டிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அங்கி முடிந்துவிட்டது. இடுப்புக் கயிற்றுக்கு நூல் முறுக்க உட்கார்ந்தவள், நினைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பழைய கயிற்றை எடுத்தாள். சோப்புப் போட்டு அலசி, நீலத்தில் முக்கி, பெட்டியின் மேல் காயப்போட்டாள். உருளையைக் கட்டியிருந்த இடத்தில் மடிப்பு விழுந்திருந்தது, இஸ்திரி போட்டும் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே இடுப்பில் கட்டிக்கொண்டு, வரிசையில் சாலமோன் ஐயாவுக்கு முன்னால் உள்ளே நடந்து வந்தாள். அவள் அங்கியின் ஓரம் இடது பக்கம் கொஞ்சம் தொங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.